பத்தரைக்கு மேல் சத்தம் கூடாது

விடியற்காலை ஐந்து மணிக்குக் கம்பி வெட்டும் மிஷின் அலற ஆரம்பித்ததும் எங்கள் தெருவே மாதப்பனைத் திட்டும். நான் மட்டும் திட்டமாட்டேன். அந்த நேரத்தில் நான் வீட்டில் இருப்பதில்லை என்பது ஒரு காரணம். அவனை ஐந்து மணிக்கு வெட்டச் சொன்னதே நான்தான் என்பது இன்னொரு காரணம்.

என் பெயர் மோலி. மைசூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நைட் இன்சார்ஜ் நர்ஸ். இரவு எட்டுக்குப் போனால் காலை எட்டுக்குத்தான் விடுவார்கள். பல வருடமாக இதே வேலை என்று சொன்னால் கேட்பவர்கள் உச்சுக்கொட்டுகிறார்கள். எனக்கு எரிச்சலாக வரும். பகலில் எங்கள் வார்டு சந்தைக்கடை. டாக்டர்களின் பின்னால் ஒரு கூட்டம், இன்ஷூரன்ஸ்காரர்கள் ஒரு கூட்டம், இளநீரோடு வரும் சொந்தக்காரர்கள் ஒரு கூட்டம். ராத்திரியில் நோயாளியும் நானும் மானிட்டரும்தான். ஒருவர் மூச்சு இழுக்கிற விதம் மாறினால் அலாரம் அடிப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிடும். அந்த வேலை எனக்குப் பிடிக்கும். அதில் நான் கெட்டிக்காரி. அடக்கமாக இருக்க வேண்டிய இடத்தில் இருந்துகொள்கிறேன், இது அந்த இடமில்லை.

ஆனால் ராத்திரி முழுக்க விழித்திருப்பவளுக்குப் பகலில் தூக்கம் வேண்டும். விஜயநகரில் நாங்கள் வீடு வாங்கியதே பக்கத்து மனை காலியாகக் கிடந்ததால்தான். தைப் பொங்கல் முடிந்து அந்த மனையில் வேலை ஆரம்பமானது. மனைக்காரர் பெங்களூரில் இருக்கிறார். மேஸ்திரி மாதப்பன் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் ஹனூர்ப் பக்கத்து ஆள். வேலையாட்களோடு அங்கேயே தகர ஷெட் போட்டுத் தங்கிவிட்டான். முதல் வாரம் காலை பத்து மணிக்கு மேல்தான் மிஷினைப் போட்டான். அந்த வாரம் நான் தூங்கவே இல்லை. வார்டில் உட்கார்ந்தபடி கண் அசந்துவிட்டேன். சில நிமிடம்தான். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் விழித்தபோது மேட்ரன் எதிரில் நின்றுகொண்டிருந்தார்.

"மோலி, இன்னொரு தடவை இப்படிப் பார்த்தேன்னா பகல் ஓ.பி.க்கு மாத்திடுவேன். டோக்கன் குடுத்துட்டு உக்காந்திரு" என்றார்.

அவர் சொன்னால் செய்வார். மறுநாள் காலை நைட்டி மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு நேராகப் பக்கத்து மனைக்குப் போனேன். கன்னடத்தில் எனக்குத் தெரிந்த எல்லாக் கோபத்தையும் கொட்டினேன். கன்னடம் தீர்ந்துபோனதும் தானாகத் தமிழ் வந்துவிட்டது.

மாதப்பன் முகம் மலர்ந்தது. "அக்கா தமிழுங்களா? அதை மொதல்லயே சொல்லியிருக்கலாமுங்க" என்றான்.

"தமிழா இருந்தா என்ன, நான் செத்துக்கிட்டு இருக்கேன்."

கதையைக் கேட்டான். கையிலிருந்த சாந்துச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தான். "நாங்க எப்படியும் நாலரைக்கே எந்திரிச்சுருவோமுங்க்கா. வெயில் ஏறுறதுக்கு முந்தி கம்பி வெட்டறது, கல்லு அறுக்கறது, மிக்சர் ஓட்டறது எல்லாத்தையும் முடிச்சுக்கறோம். நீங்க வர்றப்ப செங்கல் கட்டறதும் பூச்சு வேலையும்தான் இருக்கும். கரண்டிச் சத்தத்துல தூங்கீருவீங்கல்ல?"

"அப்ப அஞ்சு மணிக்கே மிஷினைப் போடு" என்றேன். தூங்கினேன். ஒன்பதரைக்குப் படுத்தால் நாலு மணிவரை அடித்துப் போட்ட மாதிரித் தூக்கம். என் கணவர் ரொனால்ட் மட்டும் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு ஐந்து மணிக்கு எழுந்து உட்கார்ந்திருப்பார். கல்லூரி ஆபீசில் வேலை, பொறுமைசாலி. "எனக்கும் வாக்கிங் போக ஒரு சாக்கு கிடைச்சுது" என்றார். எல்லோருக்கும் இவரைப் போல நல்ல மனசு இருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

எங்கள் தெருச் சங்கத்தின் தலைவர் ரங்கராஜ். மேலுகோட்டைப் பக்கத்து வைஷ்ணவக் குடும்பம், பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றாரே தவிர மேனேஜர் வேலையை விடவில்லை. குப்பை வண்டி எங்கே நிற்க வேண்டும், யார் வீட்டு நாய் எங்கே போகக் கூடாது எல்லாம் அவர் பொறுப்பு. ஒருநாள் பகல் பதினொரு மணிக்கு எங்கள் வீட்டு காலிங் பெல்லை அழுத்தினார். ஒரு தடவை இல்லை, நான் எழுந்து வரும்வரை அழுத்தினார். அவருக்குப் பின்னால் அவர் மனைவி யதுகிரி மாமி நின்றிருந்தார்.

"வாங்கோ சிஸ்டர், உங்க கையெழுத்துதான் முதல் கையெழுத்து" என்று ஒரு காகிதத்தை நீட்டினார். "எட்டு மணிக்கு முன்னாடி எந்தக் கட்டட வேலையும் கூடாது. கார்ப்பரேஷனுக்கும் போலீஸுக்கும் குடுக்கப் போறோம். ராத்திரியெல்லாம் உழைக்கறவா நீங்க. விடிகாலை தூக்கத்தோட அருமை உங்களுக்குத்தான் தெரியும்."

"விடிகாலைல நான் தூங்கறதில்ல சார். இப்பதான் தூங்கறேன்" என்றேன்.

"இப்பவா? பதினொரு மணிக்கா?" என்று என் நைட்டியைப் பார்த்தார். ஏதோ நான் சோம்பேறித்தனமாகப் படுத்திருந்தது மாதிரி. "சரி, ஞாயித்துக்கிழமை பதினொண்ணரைக்கு மீட்டிங். அவசியம் வரணும். எதாவது சந்தேகம்னா எப்ப வேணும்னாலும் போன் பண்ணுங்கோ."

 யதுகிரி மாமியின் கண்களைக் கவனித்தேன். கீழ் இமை வீங்கி, ஓரத்தில் சிவந்து இருந்தது. நைட் டியூட்டி பார்க்கிற பெண்களின் கண் அப்படித்தான் இருக்கும். வீட்டில் இருக்கிறவருக்கு ஏன் அந்தக் கண் என்று நினைத்துக்கொண்டே திரும்பப் போய்ப் படுத்தேன். அன்றைக்கு அப்புறம் தூக்கம் வரவில்லை.

எனக்குக் கோபம் வந்தால் சும்மா இருக்க முடியாது. அன்று ராத்திரி வார்டு அமைதியாக இருந்தது. ஜூனியரைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு டீயோடு வராந்தாவுக்கு வந்து ரங்கராஜ் வீட்டுக்குப் போன் போட்டேன். மணி இரண்டு. எப்ப வேண்டுமானாலும் என்று அவர்தானே சொன்னார்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள். யதுகிரி மாமி. குரலில் தூக்கம் துளிகூட இல்லை.

"மாமி, நான் மோலி. சாரை எழுப்புங்க, மீட்டிங் விஷயமா ஒரு சந்தேகம்."

"இப்பவா மோலி?"

"எனக்கு இப்பதான் பகல் மாமி. சார் பதினொரு மணிக்கு பெல் அடிச்சாரே, அது எனக்கு நடுராத்திரி. அது எப்படி இருக்கும்னு சாருக்குத் தெரியட்டும்."

மாமி சிரிப்பை அடக்குவது கேட்டது. பின்னால் ஏதோ ஒரு சத்தம், ஏறி இறங்கி, நின்று, மறுபடி பிடித்துக்கொண்டு. "உங்க வீட்டுலயும் வேலை நடக்குதா? மிக்சர் மாதிரி கேக்குதே?" என்றேன்.

"நடக்கறது" என்றார் மாமி. "அவர் எழுந்துக்க மாட்டார். சந்தேகத்தை என்கிட்ட சொல்லு."

"மீட்டிங்கை ரெண்டு பேரும் முழிச்சிருக்கற நேரத்துல வைக்கச் சொல்லுங்க. எனக்கு எந்தக் கிழமையா இருந்தாலும் சாயங்காலம் ஆறு மணி."

"வைக்கச் சொல்றேன்" என்றார். உடனே போனை வைக்காமல் கொஞ்ச நேரம் பேசினார். ஊர் விஷயம், விலைவாசி, அவருடைய மகள் அமெரிக்காவில் இருந்து பேசியது. அந்த நேரத்தில் பேச ஆள் கிடைத்த சந்தோஷம் அவருக்கு. அந்த மிக்சர் என்னவென்று அப்போது எனக்குப் பிடிபடவில்லை. உள்ளே வார்டில் சளி உறிஞ்சும் சக்‌ஷன் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

மீட்டிங் சனிக்கிழமை ஆறு மணிக்கு மாறியது. ஆனால் அதற்குள் ஒரு காரியம் நடந்துவிட்டது. வியாழக்கிழமை காலை நான் டியூட்டி முடிந்து வரும்போது எங்கள் வாசலுக்கு எதிரே போலீஸ் பைக் நின்றது. கான்ஸ்டபிள் மாதப்பனைக் கன்னடத்தில் வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார். ராத்திரி பத்திலிருந்து காலை ஆறுவரை சத்தம் கூடாது என்று சட்டம் இருக்கிறது, தெரியாதா என்று கேட்டார். மாதப்பன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். நடுவில் ரங்கராஜ், போனில் பெங்களூர் மனைக்காரரோடு.

"உங்க மேஸ்திரிக்கு மனசாட்சியே இல்ல சார். இன்னொரு கம்ப்ளெய்ன்ட் வந்தா வேற ஆளைப் போட்டுக்கோங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனை மாதப்பனிடம் கொடுத்தார். மாதப்பன் "ஆகட்டுமுங்க, ஆகட்டுமுங்க" என்று மட்டும் சொன்னான். என்னைப் பார்த்தான். பார்த்ததும் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

எல்லோரும் போன பிறகு கேட்டேன். "ஏன் மாதப்பா, நான் சொல்லித்தான்னு சொல்லியிருக்கலாமே?"

"எதுக்குங்க்கா? உங்களை அந்தப் பெரியவர் சும்மா விடுவாரா? நமக்கு வசவு புதுசா? வேலை போனா ஹனூர்ல வேற வேலை இல்லாமயா போயிரும்."

பெண்டாட்டி பாப்பாயி அவன் பின்னால் நின்று என்னை முறைத்தாள். அவள் முறைத்ததுதான் நியாயம்.  எனக்குக் கோபம் வந்தது, என் மேல் இல்லை, இவ்வளவு நல்லவனாக இருக்கிற அவன் மேல். அன்றைக்குப் படுத்துக்கொண்டு யோசித்தேன். உண்மையைச் சொன்னால் தெரு முழுக்க என்மேல் பாயும். எட்டு மணி விதி வந்துவிடும். அதோடு மிஷின் முழுக்க என் தூக்கத்தின் மேல் ஓடும். ஒரு வாரத்தில் மறுபடி வார்டில் கண் அசருவேன், மேட்ரன் டோக்கன் கவுண்டரில் உட்கார வைப்பார். சொல்லாவிட்டால் மாதப்பன் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போகக் கொள்ளேகால் பஸ் ஏறுவான். யோசிப்பதற்கு இதில் என்ன இருக்கிறது என்று தோன்றியதும் தூங்கிவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் பூங்கா மண்டபத்தில் தெருவே கூடியிருந்தது. மாதப்பனைக் கடைசியில் தூணோரம் நிற்க வைத்திருந்தார்கள். ரங்கராஜ் எழுந்தார். விடியற்காலை சத்தத்தால் வரும் வியாதிகளை விளக்கினார். தனக்கு ரத்த அழுத்தம் ஏறியிருப்பதைச் சொன்னார். காலை எட்டு முதல் மாலை ஆறுவரை மட்டும்தான் வேலை, மீறினால் மனைக்காரருக்கு நோட்டீஸ் என்று தீர்மானத்தைப் படித்தார். "இந்த ஆளுக்கு ஏன் இப்படி ஒரு வீம்புன்னே தெரியல" என்று முடித்தார்.

நான் எழுந்து நின்றேன். "வீம்பு அவனுக்கு இல்ல சார், எனக்கு. அஞ்சு மணிக்கு வேலை பாருன்னு சொன்னது நான். அவன் எனக்காகச் செஞ்சான்."

 எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். குழந்தையைத் தூங்க வைக்க முடியாமல் தவித்த ஒரு பெண் என்னைப் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. அவளிடம் நேராகச் சொன்னேன். "உன்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன்மா. உன் பிள்ளைய நான் யோசிக்கல. அஞ்சு மணி இனிமே கிடையாது. எட்டு மணின்னு நானே கையெழுத்துப் போடறேன். ஆனா இன்னொரு வரியும் சேர்க்கணும். காலைல பத்தரைலேர்ந்து சாயங்காலம் நாலு வரைக்கும் மிஷின் கூடாது. கையால செய்யற வேலை செய்யட்டும்."

"எதுக்கு?" என்றார் ரங்கராஜ்.

"அப்பதான் நான் தூங்கறேன். ஒன்பதரைக்குப் படுக்கறவ, ஒரு மணி நேரம் விட்டுக் குடுத்து பத்தரைன்னு கேக்கறேன்."

"சிஸ்டர், ஸ்வல்ப யோசிச்சுப் பாருங்கோ. ஒருத்தர் தூக்கத்துக்காக ஒரு தெருவோட விதியை மாத்த முடியுமா? தூக்கம்னா ராத்திரிதான். ஊர் உலகம் அப்படித்தான் நடக்கறது."

"ஊர் உலகம் ராத்திரி தூங்கறது, யாரோ முழிச்சிருக்கறதால சார்" என்றேன். கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னேன்.

பின்வரிசையில் பழனி எழுந்தான். பால் வண்டி ஓட்டுகிறவன், கடைசி வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறான். "சார், நானும் மத்தியானந்தான் தூங்கறேன். ராத்திரி ஒரு மணிக்கு வண்டி எடுக்கணும். இதுவரைக்கும் எந்த மீட்டிங்குக்கும் வந்ததில்ல, தூங்கிட்டு இருப்பேன்" என்றான். சிலர் சிரித்தார்கள்.

"சரி, ரெண்டு பேர்" என்றார் ரங்கராஜ். "ரெண்டு பேருக்காக."

"மூணு" என்று ஒரு குரல் கேட்டது.

பெண்கள் பக்கத்து நாற்காலியிலிருந்து யதுகிரி மாமி எழுந்து நின்றிருந்தார். புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். ரங்கராஜ் அவரை ஆச்சரியமாகப் பார்த்தார்.

"நீ எதுக்கு எழுந்துண்டே?"

"நானும் பகல்லதான் தூங்கறேன்" என்றார் மாமி. "நீங்க சாப்பிட்டுட்டு லைப்ரரிக்குப் போறேளே, அப்ப. ராத்திரி எங்க தூங்கறது? உங்க குறட்டை பத்து மணிக்கு ஆரம்பிச்சா விடியற வரைக்கும் நிக்கறதில்ல. அஞ்சு மணிக்கு மிஷின் போட்டாதான் நீங்க எழுந்துக்கறேள். அப்பதான் எனக்குக் கொஞ்சம் கண் அசரும். உண்மையச் சொல்லணும்னா அந்த மாதப்பன் எனக்கும் நல்லதுதான் செஞ்சான்."

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. ரொனால்ட் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டார். மாதப்பன் தூணின் பின்னால் போய் நின்றுகொண்டான். நான் சிரிக்கவில்லை. ராத்திரி இரண்டு மணிக்குப் போனில் கேட்ட மிக்சர் எனக்கு இப்போது பிடிபட்டுவிட்டது. ஏறியது, இறங்கியது, நின்றது, மறுபடி பிடித்துக்கொண்டது. நின்றது என்பதுதான் எனக்கு உறுத்தியது.

"ஏன் இத்தனை வருஷம் சொல்லல?" என்று ரங்கராஜ் கேட்டார். தலைவர் குரல் இல்லை அது.

"கேக்கறதுக்கு நீங்க முழிச்சிண்டு இருக்கணுமே" என்றார் மாமி.

தீர்மானத்தில் அந்த வரி சேர்ந்தது. தளத்துக்குக் கான்கிரீட் போடும் நாளில் மட்டும் வேலையைப் பாதியில் நிறுத்த முடியாது என்று மாதப்பன் சொன்னான். அந்த நாளை முன்கூட்டிச் சொன்னால் போதும் என்று ஒத்துக்கொண்டார்கள். நான் அன்றைக்கு லீவு போட்டுக்கொள்வதாகச் சொன்னேன். ரங்கராஜே பெங்களூருக்குப் போன் செய்து மேஸ்திரியை மாற்ற வேண்டாம் என்றார். எதையும் அரைகுறையாகச் செய்யாத மனுஷர். மறுநாளே 'பத்தரைக்கு மேல் சத்தம் கூடாது' என்று அவர் கையால் கன்னடத்திலும் தமிழிலும் எழுதிய பலகை பக்கத்து மனை வாசலில் தொங்கியது. பாப்பாயி என்னைப் பார்த்துச் சிரிக்க இன்னும் ஒரு வாரம் ஆனது.

மண்டபத்தை விட்டு வெளியே வரும்போது ரங்கராஜை நிறுத்தினேன். "சார், குறட்டை நடுவுல மூச்சு நின்னு நின்னு வருது. போன்ல நானே கேட்டேன். ரத்த அழுத்தம் ஏறினது மாதப்பனால மட்டும் இல்ல, இதனாலயும் இருக்கலாம். எங்க ஆஸ்பத்திரியில ஒரு ராத்திரி தூங்க வெச்சு டெஸ்ட் பண்ணுவாங்க. வந்துடுங்க."

"எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார்.

"உங்களுக்கு இல்லாம இருக்கலாம். மாமிக்கு இருக்கு."

வந்தார். அந்தச் சோதனை அறை எங்கள் தளத்திலேயே, வராந்தாவின் கோடியில். தலையிலும் மார்பிலும் ஒயர்களை ஒட்டி டெக்னீஷியன் படுக்க வைத்தான். ராத்திரியில் நான் எட்டிப் பார்த்தபோது திரையில் அவருடைய மூச்சு நிற்பதும் தொடங்குவதும் கோடாக ஓடிக்கொண்டிருந்தது. என் சந்தேகம் சரி. முகத்தில் மாஸ்க்கைப் பொருத்திக் காற்று கொடுத்ததும் கோடு சீரானது. சத்தம் நின்றது. அப்புறம் அவர் குழந்தை மாதிரித் தூங்கினார். என் ஆறு படுக்கைகளுக்கும் அவருக்கும் நடுவே நான் நடந்துகொண்டிருந்தேன்.

விடியும் நேரத்தில் விழித்தார். மாஸ்க்கைக் கழற்றினேன். எங்கே இருக்கிறோம் என்று அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஜன்னலுக்கு வெளியே இன்னும் இருட்டு. என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த சார்ட்டைப் பார்த்தார். வராந்தாவில் யாரோ இருமினார்கள், நான் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி அவரிடம் வந்தேன்.

"ராத்திரி பூரா முழிச்சிண்டா இருந்தேள்?"

"அதுக்குத்தான சார் சம்பளம்."

"யது?"

"மாமி வீட்ல. ரெண்டு மணிக்குப் போன் போட்டேன், பேசலாம்னு. எடுக்கல. தூங்கறாங்க."

அவர் கூரையைப் பார்த்தார். கண் ஓரம் நனைந்தது. நான் ஒயர்களைப் பிரிக்கிற மாதிரி மறுபக்கம் திரும்பிக்கொண்டேன்.

"நீங்க எப்பத் தூங்குவேள்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"பத்தரைக்கு மேல" என்றேன். "பலகையில நீங்கதான எழுதினீங்க."